இரவுக்கு நாற்பது வாற்று

லெத்பிரிட்ஜில் எந்தக் கதவைத் திறந்தாலும்
காற்றுத்தான் முதலில் உள்ளே போகும்.
அதன் பின்னால் நான்.
எனக்குப் பின்னால் வாகீசன்,
ட்ரெயிலரின் நீள அகலம் எழுதிய துண்டோடு.
ஜெனரேற்றர் வாங்க நீள அகலம் எதற்கென்று
நான் கேட்கவில்லை.

ஏழாம் வரிசையில் குந்தியிருந்தன,
சிவப்பு, மஞ்சள், மூலையில் ஒரு நீலம்.
இருந்ததிலேயே பெரியதன் முதுகைத் தட்டிப் பார்த்தார் இவர்,
மாடு பிடிக்க வந்தவர் மாதிரி.
"ஏழாயிரம் வாற்று. ஏசி ஓடும், மைக்ரோவேவ் ஓடும்,
நீர் தலைமுடி காயவைக்கலாம்."
என் தலைமுடி இன்றுவரை
துவாயில்தான் காய்கிறது.

விற்க நின்ற பெடியன், சட்டையில் ஃப்ரீசன் என்று பெயர்,
விலையைப் பற்றிக் கதைக்கவில்லை.
எங்கே போகிறீர்கள் என்றான்.
குரோஸ்நெஸ்ட் பக்கம், மலைக்கு.
"அப்படியென்றால் பெட்டியில் எழுதியிருப்பதில்
பத்தில் ஒன்றைக் கழித்துவிடுங்கள்.
ஏற ஏறக் காற்று மெலியும்.
இதற்கும் மூச்சு வாங்கும்."

மூச்சு என்றதும் இவர்
விலைத்துண்டைத் திருப்பிப் பின்பக்கம் படித்தார்.
பின்பக்கம் வெறுமை.

சொல்ல வேண்டியதை நான் சொன்னேன்.
ஏசி வேண்டாம். மைக்ரோவேவ் வேண்டாம்.
இரவில் முகத்தில் கட்டுகிற மெஷின் ஒன்று இருக்கிறது இவருக்கு.
படுத்தால் தொண்டை மூடிக்கொள்ளும்,
மணிக்கு முப்பத்தொரு தடவை,
ஆஸ்பத்திரியில் எண்ணித் தந்தார்கள்.
அதற்கு முந்தி ஆறு வருடம் எண்ணியது நான்.
இருட்டில், விட்ட மூச்சுக்கும்
எடுக்காத மூச்சுக்கும் நடுவில்
பன்னிரண்டு, பதின்மூன்று,
ஒருநாள் பத்தொன்பது வரை போயிருக்கிறேன்.
பிறகு விலாவில் ஒரு இடி.
அதற்கு வாங்கிய ஏச்சு தனிக்கணக்கு.

பெடியன் காதைச் சொறிந்தான்.
"அங்கே இரவு பதினொன்றுக்குப் பிறகு
ஜெனரேற்றர் போட விடமாட்டார்கள்."

அவ்வளவுதான் சங்கதி.
இது ஓடலாம் என்கிற நேரம் இவர் விழித்திருப்பார்.
இவர் நித்திரையாகிற நேரம் இது வாயை மூடவேண்டும்.
புதிதில்லை எங்களுக்கு.
இறைச்சித் தொழிற்சாலையில்
நான் பகல், இவர் இரவு, பதினான்கு வருடம்.
வாசலில் ஒருவரை ஒருவர் தாண்டிப் போவோம்.
போர்வையில் மிஞ்சிய சூடு மட்டும்
கைமாறும்.

"நடுவில் ஒரு பற்றரி வையுங்கள்" என்றான்.
பழைய பற்றுச்சீட்டின் முதுகில் கணக்குப் போட்டான்:
ஈரமாக்குகிற தொட்டியை நிறுத்தினால் நாற்பது வாற்று,
எட்டு மணித்தியாலம்,
முந்நூற்றிருபது.
ஒரு மனிசன் விடியும்வரை மூச்செடுக்க
இவ்வளவுதானா?
பின்னேரம் இரண்டு மணித்தியாலம் ஓட்டினால்
மிச்சமே வரும்.

அந்த நீலம். இரண்டாயிரம் வாற்று,
இருபத்தொரு கிலோ.
இவருக்குக் குடலிறக்கம் தைத்து ஒரு வருடம் ஆகவில்லை,
தூக்கப்போவது நான்.
முழங்கால் மடக்கித் தூக்கிப் பார்த்தேன்.
முப்பது கிலோப் பெட்டி தூக்கிய இடுப்பு,
ஒன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை ஆறு மணி.
புகைவாயைக் காற்றின் போக்குக்குத் திருப்பி,
ஜன்னல்களுக்கு எட்டாத தூரத்தில்
பைன் மரத்தடியில் வைத்தேன்.
கயிற்றை மூன்றாம் இழுவையில் பிடித்தது.
பக்கத்து இடத்து நாய்க்காரன் எழும்பி நின்று முறைத்தான்.
எட்டு மணிவரை, என்று விரல் காட்டினேன்.
அவன் நாயைப் பார்த்தான்.
நாய் படுத்துக்கொண்டது.

பதினொன்று.
ஆற்றுச் சத்தம் மட்டும்,
அதற்குள் மெல்லிய சீறலாய் இவருடைய மெஷின்.
பற்றரியின் பச்சை எழுத்தில் எண்பத்தொன்று.
ஒரு மணிக்கு எழுபத்தைந்து.
மூன்றுக்கு அறுபத்தெட்டு.
விட்டுத் தொலைக்கலாம், பழக்கம் விடவில்லை.

விடியப்புறம் இவர் புரண்டு
முகமூடிக்குள்ளிருந்து என்னவோ சொன்னார்.
ஏழாயிரம் என்றுதான்
எனக்குக் கேட்டது.